காந்தத்தில் ஒட்டாத இரும்பு

இரும்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய அவசியம் இருந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தெருத்தெருவாகத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார். சாயங்காலம் பார்த்தால் ஆணியும் திருகும் ஒட்டி அது முள்ளம்பன்றி மாதிரி ஆகியிருக்கும். அந்த ஆணிகளில் தொடங்கியதுதான் இன்றைக்குத் தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிற பழைய இரும்புக் கிடங்கு. பதினெட்டு ஆட்கள், லாரி ஏறுகிற எடைமேடை, ஒரு கிரேன். அப்பன் சொத்தில் ஒரு ஆணிகூடக் கிடையாது. அந்தப் பழைய காந்தம் மட்டும் சாவிக்கொத்தோடு சேர்ந்து அவர் இடுப்பிலேயே தொங்கும். ஊரில் அவருக்குக் காந்தக்காரர் என்றுதான் பெயர்.

ஒரு கம்பியைத் தரையில் தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் கிரைண்டர் சக்கரத்தில் ஒரு நொடி வைப்பார். பறக்கிற பொறியின் நிறம் மிச்சத்தைச் சொல்லிவிடும். சட்டையில் பேனா குத்திய இன்ஜினியர்கள் அவரிடம் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, போனவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை, இரண்டு ஆணி எடைகூட இல்லாத இரும்பு ஒன்று திணற அடித்தது. அது அவர் மகளின் ஈரலில் இருந்தது.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. இருந்தாலும் வீட்டில் பாப்பாதான். பல் செட் செய்கிற கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நக இடுக்கில் எப்போதும் வெள்ளை மாவு இருக்கும். அவள் உடம்பு நல்ல ரத்தத்தைத் தானாக உண்டாக்காது. பிறந்த எட்டாவது மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அடுத்தவர் ரத்தம் ஏறுகிறது. ஏறுகிற ஒவ்வொரு பையும் கொஞ்சம் இரும்பைக் கொண்டுவந்து உள்ளே போட்டுவிட்டுப் போகும். உள்ளே வருவதற்கு வழி வைத்த உடம்பு, வெளியே அனுப்ப வழி வைக்கவில்லை. அது ஈரலில் போய்க் குவியும். குவிந்தால் ஈரல் இறுகிப் போகும். இது தெரியாத சொந்தக்காரர்கள், "ரத்தம் கம்மின்னா இரும்புச் சத்து டானிக் குடுக்கலாமே?" என்று ஆளுக்கொரு பாட்டிலோடு வருவார்கள். காந்தக்காரர் பாட்டிலையும் ஆளையும் சேர்த்தே வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்.

இரும்பை வெளியேற்ற முன்னெல்லாம் பம்ப். வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்தி, சின்னப் பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டி, பத்து மணி நேரம் மருந்து இறங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள். ஒன்பது வருஷம் அந்தப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு அழுதது. அப்புறம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை வந்தது. பம்ப் பெட்டியைக் காந்தக்காரர் தன் கையாலேயே கிடங்கில் போட்டு நசுக்கினார்.

இப்போது அந்தப் பம்ப் மறுபடி திரும்பி வருகிற ஆபத்து வந்தது.

"ரத்தத்துல இரும்பு கணக்கு போன தடவை ஆயிரத்துத் தொள்ளாயிரம். இப்ப ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றார் டாக்டரம்மா, காகிதத்தைப் பார்த்தபடி. "மாத்திரை ஒழுங்கா குடிக்கிறியா?"

"குடிக்கிறேன் டாக்டர், சத்தியமா" என்றாள் மகள். அவள் கை அவளை அறியாமலே வயிற்றில் போய் நின்றது. பழைய ஊசித் தழும்புகள் இருக்கிற இடம்.

"நான் நம்பறேன். ஆனா போன மாசம் உனக்குக் காய்ச்சல் வந்துது பாரு, காய்ச்சல் வந்தாலே இந்த நம்பர் ஏறும். அதனால இது நிஜமா ஏறினதா, காய்ச்சல் ஏத்தினதான்னு இதை வச்சு சொல்ல முடியாது. ஈரலையே அளந்து பார்க்கணும். அங்கயும் ஏறியிருந்தா, மறுபடி பம்ப்தான்."

காந்தக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஊசியா டாக்டர்? வேண்டவே வேண்டாம்."

ஈரலில் ஊசி விட்டு ஒரு துணுக்கை எடுத்துப் பார்க்கிற வேலை, அவளுக்குப் பதினைந்து வயதில் நடந்தது. உள்ளே ரத்தம் கசிந்து, மூன்று நாள் அசையாமல் படுத்துக் கிடந்தாள். இனிமேல் இவள் ஈரலில் ஒரு குண்டூசி படக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் அவர்.

"ஊசியே கிடையாது. கத்தி கிடையாது, வலி கிடையாது. ஸ்கேன். உள்ள போய்ப் படுத்துட்டு வரவேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா. "அது ஒரு பெரிய காந்தம், அவ்வளவுதான்."

மகளுக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குப் போனது.

காந்தம் என்றால் என்னவென்று டாக்டரம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, அவருக்குத் தெரியும். கிடங்குக் கிரேனில் தொங்குகிறதே வட்டக் காந்தம், சாப்பாட்டு மேஜை அகலம், அது ஒரு காரை எலிக்குஞ்சு மாதிரி கவ்வித் தூக்கும். ஒரு தடவை அதன் பக்கத்தில் நின்ற வெல்டரின் கையிலிருந்து ஸ்பேனர் பிய்த்துக்கொண்டு பறந்ததை அவரே பார்த்தார். வெல்டரின் கட்டைவிரல் நகம் அதோடு போனது. அவன் பிடித்த பிடியில்தான் தப்பு என்று அன்றைக்கு அவனையே திட்டினார். இப்போது அந்த நகம் ஞாபகத்துக்கு வந்தது.

எடைமேடைக்காரர் அவருக்கு முப்பது வருஷக் கூட்டாளி. அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஈரல்ல இரும்பு இருக்குன்னு அவங்களே சொல்றாங்களா அண்ணே?"

"ஆமா."

"அந்த ஈரலைக் கொண்டுபோய்க் காந்தத்துக்குள்ள படுக்க வைப்பாங்களா?"

"ஆமாய்யா."

எடைமேடைக்காரர் கிரேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "படிச்சவங்க. யோசிச்சுத்தான் வச்சிருப்பாங்க" என்றார், நம்பிக்கையே இல்லாத குரலில். "நம்ம ஆளுங்க பெல்ட் போட்டுட்டு அது பக்கம் போனாலே கத்துவீங்க. சரி விடுங்க, நமக்கென்ன தெரியும்."

'நமக்கென்ன தெரியும்' என்பது காந்தக்காரர் வாழ்நாளில் யாரும் அவரைச் சேர்த்துச் சொல்லாத வார்த்தை. அதுவும் வலித்தது.

இப்படியே குழம்பிக்கொண்டிருக்க முடியாது, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீட்டுக் கூடத்துப் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காந்தக்காரர் சாவிக்கொத்து சத்தம் போடாமல் கையில் பொத்திக்கொண்டு, பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார். விலா எலும்புக்குக் கீழே, வலது பக்கம், சட்டையின் மேல் காந்தத்தை மெல்ல வைத்தார். விரலை எடுத்தார். காந்தம் சரிந்து பாயில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை வைக்கும்போது ஒரு கண் திறந்திருந்தது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சாவி விழுந்துடுச்சு."

"என் வயித்து மேலயா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இருபத்து மூணு வயசுப் பொண்ணைப் பழைய தகரம் மாதிரி தட்டிப் பார்த்துட்டு இருக்காரா? எழுந்திரிங்க, வெக்கமா இல்ல?"

வெட்கத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. ஒட்டாத இரும்பைக் காந்தத்தை வைத்து எப்படி அளக்க முடியும்? சரி, அவர்கள் காந்தம் பெரிசு, அதில் ஒட்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டினால் பிள்ளையின் கதி? ஒட்டவில்லை என்றால் ஸ்கேன் வீண்; ஒட்டும் என்றால் ஸ்கேன் ஆபத்து. எந்தப் பக்கம் புரட்டிப் போட்டாலும் போகக் கூடாது என்றுதான் வந்தது. நாற்பது வருஷம் இரும்பில் புரண்டவர் போட்ட கணக்கு, அதில் ஒரு ஓட்டையும் அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஸ்கேனுக்குக் குறித்த நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகளிடம், "மெஷின் ரிப்பேராம், அவங்களே கூப்பிடுவாங்களாம்" என்றார். சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார்.

ஆறு வாரம் ஓடியது. மகள் நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் மெஷின் ரிப்பேர். ஒரு நாள் காலை, பல் செட் கூடத்து மேலங்கியோடு அவள் கிடங்குக்கே வந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் வந்துச்சுப்பா. உடம்பு சரியாயிடுச்சான்னு கேக்கறாங்க."

எடைமேடைக்காரர் திடீரென்று காலி மேடையைக் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்.

"மெஷின்..." என்றார் அப்பா.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் உங்களுக்குத்தான். ஆறு வாரம்பா! உள்ள ஏறுதா இறங்குதான்னு தெரியாம தினமும் நான் அந்த மாத்திரையைக் கரைச்சுக் குடிக்கிறேன். பம்ப் மறுபடி வருமோன்னு வயித்தைத் தடவிட்டே படுக்கறேன். நீங்க என்னடான்னா..."

காந்தக்காரர் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையைக் காட்டினார். காந்தம் இறங்கி, நசுங்கிய கார் ஒன்றைக் கவ்வி, இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கியது. கண்ணாடித் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

"பார்த்தியா?" என்றார். "இதுக்குள்ளதான் உன்னைப் படுக்க வைக்கப் போறாங்க. உன் ஈரல்ல இரும்பு இருக்கு. நான் எப்படி பாப்பா அனுப்புவேன்?"

மகள் காரையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். கோபப்பட வந்தவளுக்கு எங்கே கோபப்படுவது என்று தெரியாமல் போய்விட்டது.

"அன்னைக்கு என் வயித்துல வச்சுப் பார்த்தீங்களே, ஒட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்னப்பா?"

"அது சின்னக் காந்தம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். "நானே போன் பண்ணி நாள் வாங்கிட்டேன். வியாழக்கிழமை. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

வராமல் இருப்பாரா? பிறந்ததிலிருந்து அவளுக்கு ஏறிய ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தவர் அவர். காந்தம் இழுத்தால் தானும் உள்ளே இருந்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்வது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டு போனார்.

ஸ்கேன் அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. ஸ்கேன் எடுக்கிற பெண் கையில் காகிதத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதயத்தில் கருவி உண்டா, உடம்புக்குள் தகடு, கம்பி உண்டா, காது மெஷின் உண்டா. மகளுக்கு எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை.

"நானும் உள்ள வரேன்" என்றார் காந்தக்காரர்.

"கூட ஒருத்தர் வரலாம் ஐயா. ஆனா உங்களையும் இதெல்லாம் கேக்கணும். முதல்ல இரும்பு சாமான் எல்லாத்தையும் எடுத்து இந்தத் தட்டுல வைங்க."

அவர் வைக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்து. கத்தி. டேப். இரண்டு நட்டு, ஒரு போல்ட். பெல்ட். கடைசியாகக் காந்தம். வைத்த உடனேயே அது தட்டில் கிடந்த எல்லாவற்றையும் இழுத்து ஒரு கட்டியாக்கிக்கொண்டது.

அந்தப் பெண் கட்டியைப் பார்த்தாள். "ஐயா என்ன வேலை பார்க்கறீங்க?"

"பழைய இரும்பு. நாப்பது வருஷம். நம்ம கைக்குத் தெரியாத இரும்பு இந்தப் பக்கத்துல கிடையாது."

"கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் விழுந்திருக்கா?"

காந்தக்காரர் மார்பை நிமிர்த்தினார். "எப்பவாவதா? கணக்கே கிடையாது! கிரைண்டர் பொறி வந்து விழுந்துட்டே இருக்கும். ஒரு தடவைகூட டாக்டர்கிட்ட போனதில்ல. இந்தக் காந்தத்தைக் கண்ணுகிட்ட காட்டினா அதுவே வந்து ஒட்டிக்கும்."

"எல்லாம் வந்துடுச்சுன்னு உறுதியாத் தெரியுமா?"

அவர் தட்டில் கிடந்த காந்தத்தைப் பார்த்தார்.

"அப்ப நீங்க உள்ள வரக் கூடாதுங்க" என்றாள் அந்தப் பெண். "கண்ணுக்குள்ள ஒரு துளி மிச்சம் இருந்தாலும் எங்க காந்தம் அதை அசைச்சுடும். பார்வையே போயிடலாம்."

"எனக்கா?" என்றார் அவர். "ஏம்மா, ஈரல் நிறைய இரும்பு வச்சிருக்கிறது அவ. அவ போகலாம், நான் போகக் கூடாதா?"

"அவங்க இரும்பு வேற ஐயா. துருப்பிடிச்ச சாமானைச் சுரண்டினா சிவப்பா மாவு மாதிரி கொட்டுமே, அதை உங்க காந்தம் இழுக்குமா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். கறுப்புச் செதில் ஒட்டும். சிவப்பு மாவு ஒட்டாது, அப்படியே கீழே கிடக்கும். கிடங்குத் தரை முழுக்க அதுதான். தினமும் விளக்குமாறால்தான் அள்ளுகிறார்கள். "இழுக்காது" என்றார், தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறவர் மாதிரி.

"கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் உடம்புக்குள்ள இருக்கும். இழுபடாது."

"சரி. இழுபடாததை எப்படிம்மா காந்தத்தால அளப்பீங்க?"

"உடம்புல இருக்கிற தண்ணியில இருந்து சத்தம் மாதிரி ஒண்ணு வரும், அதைத்தான் மெஷின் படமாக்குது. இரும்பு இருக்கிற இடத்துல அது சீக்கிரம் அடங்கிடும். படம் படமா எடுத்துட்டே போவோம். ஈரல் எவ்வளவு வேகமா கறுத்துப் போகுதோ, அவ்வளவு இரும்பு."

தண்ணீர் சத்தம் போடுமாம், ஈரல் கறுக்குமாம். அவர் தலையாட்டினார், ஆனால் ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கனத்த கதவுக்குள் போனாள். திரும்பிப் பார்த்து, "இழுத்தா கூப்பிடறேன்பா" என்றாள்.

"ஏம்மா, ஏதாவதுன்னா சுவிட்சை அணைச்சுடுவீங்கல்ல?" என்றார் அவர்.

"இதை அணைக்கறதே இல்லைங்க. எப்பவும் இழுத்துட்டேதான் இருக்கும்."

கதவு மூடியது.

அவளுக்கு வைத்தியம் நடக்கும்போது, ஈரலில் ஊசி போட்ட அந்த ஒரு நாளைத் தவிர, அவர் பக்கத்தில் இல்லாமல் இருந்தது இதுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு குழாய்க்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. தகரப் பட்டறை மாதிரி டக்டக்கென்று சத்தம் கிளம்பியது. ஸ்கேன் எடுக்கிற பெண் மைக்கில், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க" என்றாள். காந்தக்காரரும் இழுத்துப் பிடித்தார். "விடுங்க" என்றதும் விட்டார். அடுத்த தடவை அவள் சொல்வதற்கு முன்பே பிடித்துவிட்டார். நான்காவது தடவையில் முகம் செக்கச்செவேலென்று ஆனது.

"ஐயா, நீங்க பிடிக்க வேண்டாம்" என்றாள் அந்தப் பெண், திரும்பிப் பார்க்காமலே.

பாதங்கள் அசையவில்லை. ஈரல் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மகள் தன் காலிலேயே நடந்து வந்தாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார், சரக்கு குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"உள்ள இழுத்துச்சா?"

"இல்லப்பா. குளிருச்சு."

அந்தப் பெண் விடவில்லை. கண்ணை எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரையும் அனுப்பி வைத்தாள்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா அறையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். மகள் மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"ஆறு" என்றார் டாக்டரம்மா.

காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"ஊசி போட்டுப் பார்த்தப்ப பதினாலு இருந்துச்சு. இப்ப ஆறு. மாத்திரை நல்லா வேலை செய்யுது. இன்னும் இறங்கணும்தான், ஆனா பம்ப் தேவையில்ல."

மகள் அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். காந்தக்காரரும் அழுதிருப்பார். ஆனால் அவருக்குக் கேள்வி இருந்தது.

"எத்தனை எடைக்கு ஆறு டாக்டர்?"

"ஒரு கிராம் காய்ஞ்ச ஈரலுக்கு ஆறு மில்லிகிராம்."

"காய்ஞ்ச ஈரலா?" அவர் மகளைப் பார்த்தார். "யாரு காய வச்சது? முழுசா உள்ளதானே இருக்கு!"

"யாரும் காய வைக்கலைங்க. அது ஒரு கணக்கு. ஊசி போட்டு எடுத்த துணுக்கைக் காய வச்சுத்தான் அளப்பாங்க. அதே அளவுல ஸ்கேனும் சொல்லுது."

"சரி. ரத்தத்துல ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு ஏறுச்சே, அது?"

"அது காய்ச்சல்."

"அப்ப ஏறினதும் நிஜம், இறங்கினதும் நிஜமா? ஒரு சாமானுக்கு ஒரு எடைதான் டாக்டர் இருக்கணும். எங்க மேடையில லாரி ஏறினா ஒரே நம்பர்தான்."

"லாரியை மேடையில ஏத்தலாம். ஈரலை ஏத்த முடியாதே" என்றார் டாக்டரம்மா. "அதனாலதான் சுத்தி வளைச்சு அளக்கறோம்."

காந்தக்காரருக்கு இது புரிந்ததா என்றால் இல்லை. தான் ஆறு வாரம் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால், இந்த ஆறு அப்போதே தெரிந்திருக்கும் என்பது மட்டும் புரிந்தது. "ரிப்பேர் எனக்குத்தான் பாப்பா" என்றார். மகள் தலையை நிமிர்த்தாமலே அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"உங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு" என்று டாக்டரம்மா இன்னொரு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இடது கண்குழிக்குள் கடுகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. "ரொம்பப் பழசு போல. கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஆனா எங்க மெஷின் பக்கம் இந்த ஜென்மத்துக்கு வரக் கூடாது."

அந்தக் கண்ணைப் பொத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார். எல்லாம் எப்போதும் போலத்தான் தெரிந்தது. தன் கைக்குத் தெரியாத இரும்பு ஒன்று, தன் கண்ணிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். எப்போதும் கையெட்டும் தூரத்தில் வைப்பவர், அன்றைக்கு அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தார். மகள் எட்டி அதை எடுத்தாள். காந்தத்தைக் கயிற்றோடு தொங்கவிட்டபடி மெல்ல அவரை நோக்கி வந்தாள்.

"எங்க, கண்ணைக் காட்டுங்க. ஒட்டுதான்னு பார்ப்போம்."

"ஏய், கிட்ட கொண்டு வராதே!" அவர் இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"சின்னக் காந்தம்தானேப்பா."

"சின்னதோ பெருசோ, தள்ளி வை."

உள்ளேயிருந்து மனைவி கேட்டார்: "என்னங்க, காந்தக்காரருக்குக் காந்தத்தைப் பார்த்தா பயமா?"

"எனக்கா?" என்றார் அவர், இடது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டே.